காற்றுக் குழாயும் உள்ளறைக் காற்றும்

குளிர்ந்த காற்றை ஓரிடத்தில் ஆக்கி, அதனைத் தகரக் குழாய்களின் வழியே அறைதோறும் செலுத்தும் முறை இருபதாம் நூற்றாண்டிலே பரவியது. 1902ஆம் ஆண்டில், நியூயோர்க் நகரின் புறூக்ளின் பகுதியிலிருந்த அச்சகம் ஒன்றுக்காக வில்லிஸ் காரியர் என்னும் இளம் பொறியியலாளர் வகுத்த திட்டமே இன்றைய வளிபதனத்துக்கு வித்தாயிற்று. மனிதருக்கு இதமளிக்க வேண்டும் என்னும் நோக்கம் அத்திட்டத்தில் இருக்கவில்லை. கோடைகாலத்து ஈரக் காற்றினாற் காகிதம் விரிந்தும் சுருங்கியும் போக, ஒரு வண்ணத்தின்மேல் மற்றொரு வண்ணம் இடம் பிசகாமற் பதிவது அரிதாயிற்று. அக்குறையை நீக்கவே காற்றின் ஈரத்தை அளந்து குறைக்கும் பொறி அமைக்கப்பட்டது. காகிதத்தின் நலங்கருதிப் பிறந்த ஏற்பாடு, பின்னர் படமாளிகைகளையும் அலுவலகங்களையும் வைத்தியசாலைகளையும் அடைந்து, ஈற்றில் மக்கள் உறங்கும் அறைக்குள்ளும் புகுந்தது.

பெருங் கட்டடங்களில் இக்குழாய்கள் கூரைக்கும் உட்கூரைக்கும் இடையே மறைந்து கிடக்கின்றன. தரை நாடோறும் பெருக்கப்படும், யன்னல்கள் துடைக்கப்படும், திரைச்சீலைகள் தோய்க்கப்படும். ஆயின், ஒவ்வொரு மூச்சிலும் உள்வாங்கும் காற்று எவ்வழியே வருகின்றது என்று எட்டிப் பார்ப்போர் மிகச் சிலர். கண்ணுக்கு மறைந்த இடம் அச்சத்துக்கும் இடங்கொடுக்கும், வாணிகத்துக்கும் இடங்கொடுக்கும். குழாய்களைத் துப்புரவாக்கிக் கிருமிகளை நீக்கி, நோயற்ற காற்றைத் தருவதாகக் கூறும் தொழிலொன்று அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வேரூன்றிப் பிற நாடுகளுக்கும் பரவியுள்ளது. அத்தொழிலாற் பயன் உண்டோ, உண்டெனில் எவ்விடத்தில் உண்டு என்பதை அறிதற்கு, நிகழ்ந்த சில நிகழ்ச்சிகளை நோக்குவது நன்று.

1968ஆம் ஆண்டு யூலை மாதத்தில், மிச்சிகன் மாநிலத்துப் பொன்ரியாக் நகரிலே, சுகாதாரத் திணைக்களக் கட்டடம் ஒன்றிற் பணியாற்றியோர் திடீரென நோயுற்றனர். காய்ச்சல், தலையிடி, தசைநோவு, பெருஞ்சோர்வு என்பனவே அந்நோயின் குறிகள். அங்கிருந்த 100 ஊழியருள் 95 பேர் படுக்கையில் வீழ்ந்தனர். அலுவல் கருதி வந்துபோனோரையும் சேர்த்தெண்ணின் 144 பேர். ஊராரின் சுகத்தைக் காக்க எழுந்த அலுவலகமே நோய்க்களமாயிற்று. நல்வாய்ப்பாக ஒருவரேனும் இறந்திலர். சில நாள்களில் யாவரும் தேறினர். ஆயின், காரணத்தை ஆராயச் சென்ற வைத்தியக் குழுவினரிற் சிலரும் கட்டடத்துட் புகுந்தபின் அந்நோயையே பெற்றனர். குளிரூட்டும் பொறி இயங்கும் வேளையிலேயே நோய் பற்றுவது தெரிந்ததும் ஐயம் குழாய்களின்மேற் சென்றது. அப்பொறியின் வெப்பத்தை ஆற்றுவதற்கு நீர் தெளிக்கப்படுவதுண்டு. அந்நீரின் நுண்டுளிகள், பழுதுற்றிருந்த குழாய்களின் வழியே, ஊழியர் சுவாசிக்கும் காற்றிற் கலந்திருந்தன. நோய்க் கிருமி எதுவென்பது மட்டும் அன்று புலப்படவில்லை. அக்கட்டடத்துக் காற்றைச் சுவாசிக்க விடப்பட்ட கினிப்பன்றிகளின் நுரையீரலிலிருந்து எடுத்த மாதிரிகள் பேணி வைக்கப்பட்டன.

எட்டாண்டுகள் கழிந்தன. 1976ஆம் ஆண்டு யூலை மாதத்தில், பிலடெல்பியா நகரத்து ஹோட்டல் ஒன்றில் முன்னாட் படைவீரரின் சங்கமொன்று மாநாடு கூட்டியது. மாநாடு கலைந்த சில நாள்களில், வந்திருந்தோர் ஒருவர்பின் ஒருவராகக் கடும் நியுமோனியாவுக்கு ஆளாயினர். நோயுற்றோர் 200 பேருக்கு மேல். இறந்தோர் 34 பேர். பல மாதங்கள் தேடியபின், ஜோசப் மக்டேட் என்னும் ஆராய்ச்சியாளர் அதற்குக் காரணமான பற்றீரியாவைக் கண்டார். 1977ஆம் ஆண்டு சனவரியில் அச்செய்தி வெளியாயிற்று. அச்சங்கத்தின் பெயரையொட்டி அக்கிருமிக்கு லெஜியோனெல்லா என்று பெயரிட்டனர். பொன்ரியாக் நகரிலிருந்து பேணி வைத்த மாதிரிகளை அதன்பின் சோதித்தபோது, அவற்றுள்ளும் அதே கிருமி காணப்பட்டது. காரணம் தெரியாத பழைய நோயொன்று, மாதிரிகளைத் தூக்கி எறியாது காத்தோரின் பொறுமையினாலே விளக்கம் பெற்றது.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் கேட்டவுடன், குழாய்களிலே தூசி படிந்தமையே யாவற்றுக்கும் காரணம் என்று எண்ணத் தோன்றும். அவ்வாறு எண்ணுதல் தவறு. லெஜியோனெல்லா இளஞ்சூடான, தேங்கிய நீரிலே பெருகுவது. அந்நீர் நுண்டுளியாகச் சிதறி மூச்சோடு உட்செல்லும்போதே தீங்கு விளைப்பது. பூஞ்சணமும் ஈரமில்லாத தகரத்தில் வளர்வதில்லை. வளிபதனப் பொறியில் ஈரம் தங்கும் இடங்கள் சில உள. காற்றைக் குளிரச் செய்யும் உலோகச் சுருளின்மேல், குளிர்ந்த நீர் நிறைந்த செம்பின் வெளிப்புறம் வியர்ப்பது போல, நீர் துளிர்க்கின்றது. அது கீழேயுள்ள தட்டில் வீழ்ந்து சிறு குழாயொன்றின் வழியே வெளியேற வேண்டும். அக்குழாய் அடைபட்டால் தட்டில் நீர் தேங்கும்; தூசியும் அதனோடு சேர்ந்தால் வழுவழுப்பான படலமொன்று உண்டாகும். குழாய்களின் உட்புறத்தில் ஒலியைத் தணிப்பதற்காகக் கண்ணாடி நார் ஒட்டப்பட்டிருப்பின், அது நனைந்து பூஞ்சணத்துக்குப் பாயாக விரியும். வெளிக்காற்று ஆண்டு முழுதும் ஈரமாயிருக்கும் வெப்ப நாடுகளில் இத்தொல்லை மிகுதி.

இனித் துப்புரவுத் தொழிலை நோக்குவோம். தேர்ந்த தொழிலாளர் முதலிற் பொறியை நிறுத்திக் குழாயினுட் கண்ணாடி கொண்டோ சிறிய படக்கருவி கொண்டோ பார்ப்பர். பின்னர் அறைகளிலுள்ள காற்று வாய்களை மூடிவிட்டு, வலிய உறிஞ்சு பொறியொன்றைப் பெருங்குழாயோடு இணைப்பர். இதனாற் குழாயினுள் அழுத்தம் குறைகின்றது. பெயர்ந்தெழும் தூசி அறைக்குள் வாராது பொறியை நோக்கி ஓடுகின்றது. அந்நிலையிற் சுழலும் தூரிகைகளாலும் அழுத்தக் காற்றினாலும் உட்சுவரைத் தட்டித் துலக்குவர். உறிஞ்சிய காற்றை வெளியே விடுமுன் நுண்வடிகட்டியிற் செலுத்துவதுண்டு. 1940களில் அணுவாராய்ச்சிக் கூடங்களுக்கென வகுக்கப்பட்ட இவ்வகை வடிகட்டி, ஒரு மில்லிமீற்றரை ஆயிரங் கூறாக்கி அவற்றுள் ஒன்றின் பத்தில் மூன்று பங்கு அளவே உள்ள துகள்களிலும் 10,000க்கு 9,997ஐத் தடுத்து நிறுத்த வல்லது. குழாயோடு நில்லாது, விசிறி, சுருள், நீர்த்தட்டு ஆகியவற்றையும் கழுவினாலன்றி வேலை முற்றுப்பெறாது. நனைந்து கெட்ட கண்ணாடி நாரைக் கழுவ முயல்வதிற் பயனில்லை. அதனை அகற்றிப் புதிது இடுதல் வேண்டும்.

வேலை இவ்வாறு நடைபெற்றாலும் நோய் குறையுமா? இவ்வினாவுக்கு அமெரிக்க அரசின் சுற்றாடற் பாதுகாப்பு முகவரகம் தந்துள்ள விடை அத்தொழிலாருக்கு உவப்பானதன்று. வீட்டுக் குழாய்களைத் துப்புரவாக்குவது நோயைத் தடுக்கும் என்பது மெய்ப்பிக்கப்படவில்லை என்றும், குழாய்ச் சுவரிற் படிந்த தூசியிற் பெரும்பகுதி அங்கேயே ஒட்டிக்கிடக்கும் என்றும் அது கூறுகின்றது. ஆண்டுதோறும் வழக்கமாகச் செய்யவேண்டிய கருமமாக அதனைக் கொள்ளாது, தேவை கண்டபோதே செய்யுமாறு அறிவுறுத்துகின்றது. குழாயினுள் அல்லது பொறியின் பாகங்களிற் பூஞ்சணம் கண்கூடாகப் படர்ந்திருத்தல், எலியோ பூச்சியோ குடியேறியிருத்தல், தூசியும் குப்பையும் வழியை அடைத்துக் காற்றோடு அறைக்குள் விழுதல் ஆகிய நிலைகளே அத்தேவைகள். திறமையற்ற கைகள் இவ்வேலையிற் புகுந்தால், அடங்கிக் கிடந்த தூசியை எழுப்பி வீடெங்கும் பரப்பிவிடுதலும் கூடும். நீர் கசியும் காரணத்தை நீக்காது பூஞ்சணத்தை மட்டும் துடைத்தல், கூரை ஓட்டையை அடைக்காது தரையைத் துடைப்பதை ஒக்கும்.

துப்புரவை அடுத்து வருவது கிருமிநீக்கம். குழாயினுள் மருந்துப் புகையைச் செலுத்தினால் கிருமிகள் யாவும் மடியும் என்று கேட்பதற்கு இனிமையாயிருக்கின்றது. ஆனால் குழாயினுள் இட்ட மருந்து குழாயோடு நிற்பதில்லை. அடுத்த நாள் அது வீட்டாரின் நுரையீரலை அடைகின்றது. தென்கொரிய நாட்டின் அநுபவத்தை இங்கே நினைவிற் கொள்ளல் தகும். பனிக்காலத்தின் உலர்ந்த காற்றை ஈரமாக்க அந்நாட்டார் வீட்டில் ஈரமூட்டும் கருவிகளை வைப்பது வழக்கம். அக்கருவியின் நீரிலே கிருமி சேராதிருக்க ஊற்றும் திரவம் 1994ஆம் ஆண்டு முதல் அங்கே கடைகளில் விற்கப்பட்டது. தோலிற் பட்டால் பெருந்தீங்கு செய்யாதென எண்ணப்பட்ட பொருள், நீராவியோடு சேர்ந்து மூச்சில் நுழைந்தபோது நுரையீரலைத் தடிப்பித்துச் சுருங்கச் செய்தது. குழந்தைகளின் நலத்துக்கென்று தாய்மார் கையால் ஊற்றிய மருந்தே அவர்களுக்கு நஞ்சாயிற்று. 2011ஆம் ஆண்டில், கருவுற்ற பெண்களும் அண்மையிற் பிள்ளை பெற்றோரும் காரணம் தெரியாத நுரையீரல் நோயால் அடுத்தடுத்து வைத்தியசாலையை அடைந்தபோதே உண்மை வெளியாகி, விற்பனை நிறுத்தப்பட்டது. அதற்குள் நூற்றுக்கணக்கான உயிர்கள் போய்விட்டன. ஒரு பொருள் மேசையைத் துடைக்க ஏற்றது என்பதனால் மூச்சுக்கும் ஏற்றதாகிவிடாது. காற்றைத் தூய்தாக்கும் என்று விற்கப்படும் ஓசோன் பொறிகளின் நிலையும் இதுவே. கிருமியைக் கொல்லும் அளவில் ஓசோன் இருப்பின் அது சுவாசக் குழலையும் புண்படுத்தும்.

அவ்வாறாயின் உள்ளறைக் காற்று கெடுவதற்குப் பெருங் காரணம் யாது? வெளிக்காற்றை வரவிடாமையே என்று அறிஞர் பலகாலும் கூறியுள்ளனர். ஜேர்மனி நாட்டு மக்ஸ் பெற்றன்கோபர் என்பார், அறையிலுள்ள காபனீரொட்சைட்டின் அளவைக் கொண்டே காற்றோட்டத்தை மதிப்பிடலாம் என்று 1858ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார். ஆயிரத்தில் ஒரு பங்கை அது தாண்டலாகாது என்பது அவர் வகுத்த எல்லை. அவ்வளவில் அவ்வாயு நஞ்சன்று. மனிதர் விட்ட மூச்சு எவ்வளவு தேங்கியுள்ளது என்பதற்கு அது அடையாளம். 1973ஆம் ஆண்டில் எண்ணெய் விலை ஏறியபோது, எரிபொருளைச் சேமிக்கும்பொருட்டு அமெரிக்கக் கட்டடங்களின் வாயில்கள் இறுக அடைக்கப்பட்டன. ஓராளுக்கு நிமிடத்துக்குச் சுமார் 15 கன அடியாக இருந்த வெளிக்காற்றின் அளவு 5 கன அடியாகக் குறைக்கப்பட்டது. பின்வந்த ஆண்டுகளில் அலுவலக ஊழியர் தலையிடி, கண்ணெரிவு, தொண்டை வறட்சி என்று முறையிடலாயினர். வீடு சென்றதும் அவை நீங்கிவிடும். மறுநாட் காலை மீண்டும் தொடங்கும். உலக சுகாதார நிறுவனம் இதனை ஆராய்ந்தது. நோய்க்கட்டடம் என்னும் தொடரும் வழக்கில் வந்தது. 1989ஆம் ஆண்டில் அந்நாட்டுப் பொறியியலாளர் சங்கம் குறைந்த எல்லையைப் பழையபடி 15 கன அடிக்கு உயர்த்தியது. சேமித்த எரிபொருளின் பெறுமதியை எண்ணியோர், தலையிடியோடு செய்த வேலையின் இழப்பையும் எண்ணினரோ என்பது வினவத்தக்கது.

கோவிட் நோய் பரவத் தொடங்கிய நாள்களிலே சீன நாட்டுக் குவாங்சோ நகரில் நிகழ்ந்ததும் இதனையே காட்டுகின்றது. 2020ஆம் ஆண்டு சனவரி 24ஆந் திகதி, யன்னலற்ற உணவுக்கூடம் ஒன்றில், அடுத்தடுத்த மூன்று மேசைகளில் மூன்று குடும்பத்தார் அமர்ந்து உண்டனர். அவர்களுள் ஒருவரிடம் நோய் இருந்தது. பின்னர் அம்மூன்று குடும்பங்களிலுமாக 10 பேருக்கு நோய் கண்டது. குளிரூட்டியின் காற்று அம்மேசைகளுக்கு மேலாகச் சென்று மீண்டு சுழன்றது. அப்பொறியின் வாயிலிருந்து மாதிரி எடுத்துச் சோதித்தபோது வைரசு காணப்படவில்லை. பொறியில் அழுக்கில்லை, புதுக்காற்று வரவில்லை என்பதே குற்றம். அங்கே எத்தனை முறை குழாயைத் துலக்கியிருந்தாலும் அந்நோய் நின்றிராது.

இலங்கையிற் பழைய வீடுகளைக் கட்டினோர் இக்கருத்தை நூல்களிற் படித்தறிந்தவரல்லர். ஆயினும், யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டின் நடுமுற்றம் வானத்தை நோக்கித் திறந்திருக்கின்றது. சுற்றியுள்ள தாழ்வாரங்களின் வழியே காற்று எந்நேரமும் உலாவுகின்றது. இன்று கொழும்பிலும் பிற நகரங்களிலும் எழும் அடுக்குமாடிகளில் அதற்கு இடமில்லை. அங்கே பெரும்பாலான வீடுகளில் உள்ளவை சுவரில் மாட்டும் குளிரூட்டிகள். அவற்றுக்கு நீண்ட குழாய்த் தொடர் இல்லை. ஆதலால் குழாய்த் துப்புரவுக்கும் வேலையில்லை. அவற்றின் பெரும்பாலானவை வெளிக்காற்றை உள்ளே கொணர்வதுமில்லை. அறையிலுள்ள காற்றையே எடுத்து, குளிர்வித்து, திருப்பித் தருகின்றன. இரவு முழுதும் கதவடைத்துத் துயில்வோர் காலையில் யன்னலைத் திறந்து வைத்தல், மின்செலவு சிறிது கூடினும், ஏற்றது. முன்மூடியைத் திறந்தால் வலைபோன்ற வடிகட்டி ஒன்று கையோடு வரும். அதனை இரு கிழமைக்கொருமுறை குழாய்நீரிற் கழுவி, நன்கு உலர்த்தியபின் மாட்டலாம். சிறுவரும் செய்யக்கூடிய வேலை அது. சுருளையும் நீர்த்தட்டையும் கழுவுவதற்கு மட்டும் தொழில் தெரிந்தவர் வேண்டும். பொறியைத் தொடக்கியதும் ஊறற் சேலையின் மணம் வீசுமாயின், அல்லது பொறியின் கீழ்ச் சுவரில் நீர் வடியுமாயின், முதலிற் பார்க்க வேண்டியது நீரை வெளியேற்றும் சிறுகுழாயின் அடைப்பை.