வீடும் கூலியும்: ஏலப்பாறைத் தோட்டக் குடும்பங்கள் நகரம் பெயரும்போது

ஊர் பெயர எண்ணும் குடும்பத்தில் முதலில் எழும் கேள்வி, “அங்கே என்ன கூலி?” என்பதே. அதற்கு விடை எளிதில் கிடைத்துவிடுகிறது. “அங்கே எங்கே குடியிருப்பது, எத்தனை காலம் குடியிருக்க முடியும்?” என்ற இரண்டாவது கேள்விக்கு விடை காண்பது கடினம். எனினும், பெயர்ந்தபின் அக்குடும்பத்தின் வாழ்க்கைத் தரத்தைப் பெரும்பாலும் நிர்ணயிப்பது இந்த இரண்டாவது கேள்வியே ஆகும். கேரளத்தின் இடுக்கி மாவட்டம், பீர்மேடு வட்டத்திலுள்ள ஏலப்பாறையைச் சுற்றி வாழும் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களின் நிலை இதனைத் தெளிவாக விளக்குகிறது. திருப்பூர், கோயம்புத்தூர், தேனி, கம்பம் ஆகிய ஊர்களுக்கு இவர்களுள் பலர் பெயர்ந்துள்ளனர். வேறு பலர் இன்னும் எண்ணிக்கொண்டிருக்கின்றனர்.

கூலிக்குள் அடங்கிய வீடு

பீர்மேட்டு மலைகளில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் முதலில் காப்பியும், அது இலை நோயால் அழிந்தபின் தேயிலையும் பயிராயின. ஆளரவமற்ற அக்காட்டுப் பகுதிக்குத் திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் சீமைகளிலிருந்து கங்காணிகள் மூலம் ஆட்கள் திரட்டப்பட்டனர். அக்கம்பக்கத்தில் ஊர் எதுவும் இல்லாமையால் உறைவிடத்தைத் தோட்ட நிருவாகமே அமைக்க நேர்ந்தது. ஒரே கூரையின்கீழ் வரிசையாக அமைந்த அறைகளே ‘லயம்’ எனப்பட்டன. 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் மொழிவழிச் சீரமைக்கப்பட்டபோது பீர்மேடும் தேவிகுளமும் கேரளத்தில் அமைந்தன. லயங்களில் வாழ்ந்தோர் தலைமுறை தலைமுறையாக அங்கேயே தங்கிவிட்டனர்.

வழக்கமாக இருந்த இவ்வேற்பாட்டை 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் கடமையாக்கியது. தோட்டத்தில் வசிக்கும் தொழிலாளிக்கும் அவர் குடும்பத்துக்கும் வீடு தருவது முதலாளியின் பொறுப்பாயிற்று. மருத்துவ வசதி, குடிநீர், பிள்ளைக் காப்பகம் ஆகியவையும் சட்டத்தில் இடம்பெற்றன. 2020இல் நிறைவேறிய தொழிற்பாதுகாப்பு, உடல்நலம், பணிச்சூழல் தொகுப்புச் சட்டம் இதனைத் தன்னுள் அடக்கிக்கொண்டது. 2025 நவம்பர் 21 முதல் அத்தொகுப்பு நடைமுறையில் உள்ளது. தோட்டத்தில் வீடு வழங்கும் கடமை அதிலும் தொடர்கிறது.

பொருளாதார நோக்கில் இதன் பொருள் யாது? தோட்டத் தொழிலாளி பெறும் கூலிக்கு இரு பகுதிகள் உண்டு. ஒன்று கையில் வரும் பணம். மற்றொன்று வாடகை இல்லாத வீடு, வேலைக்கு நடந்து செல்லும் தொலைவு, விறகு, காப்பகம் ஆகியன. நகரத்துக் கூலியோடு முதல் பகுதியை மட்டும் ஒப்பிடுவோர், தாம் இழக்கவிருக்கும் இரண்டாம் பகுதியைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

வேலையோடு போகும் வீடு

இவ்வேற்பாட்டின் குறையும் இதன் தன்மையிலேயே அடங்கியுள்ளது. வேலை உள்ளவரைதான் வீடு. ஓய்வு பெற்றால், அக்குடும்பத்தில் வேறு யாரும் தோட்டப் பதிவேட்டில் இல்லையெனில், வீட்டைக் காலி செய்ய வேண்டும். பணிக்கொடை கைக்கு வந்தால்தான் வீட்டை விடுவோம் என்று தொழிலாளர் கூறுவதும், வீட்டை விட்டால்தான் பணிக்கொடை என்று நிருவாகம் கூறுவதும் தோட்டப் பகுதிகளில் நெடுநாளாக நிலவும் பூசலாகும்.

சோவியத் ஒன்றியம் 1991இல் கலைந்தபின் இந்தியத் தேயிலை தன் பெரிய சந்தையை இழந்தது. 1990களின் இறுதியில் விலை சரிந்தபோது, 2000ஆம் ஆண்டை ஒட்டிப் பீர்மேடு வட்டத்தில் பல தோட்டங்கள் மூடப்பட்டன. கூலி நின்றது, பழுது பார்ப்பாரின்றி லயங்கள் ஒழுகத் தொடங்கின. ஆயினும் பல குடும்பங்கள் அங்கேயே தங்கின. சொந்த ஊர் என்று கூறிக்கொள்ள வேறு ஊரோ, போய்ச்சேர ஒரு துண்டு நிலமோ அவர்களுக்கு இல்லை. திருநெல்வேலி மாவட்டம் மாஞ்சோலையிலும் இதே உண்மை வெளிப்பட்டது. சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929இல் 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெற்ற நிலத்தில் எழுந்த அத்தோட்டத்தின் நிறுவனம், 2024இல் தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு அளித்து வெளியேறக் கோரியபோது, ‘எங்கே போவது?’ என்ற கேள்வியே முன் நின்றது.

வீட்டின் உறுதி மற்றொரு கவலை. வீடு இடிந்து நேரும் விபத்துக்கு முதலாளியே பொறுப்பு என 1981ஆம் ஆண்டுத் திருத்தம் சட்டத்தில் சேர்த்தது. ஆயின், இடத்தின் ஆபத்தைச் சட்டத்தால் மட்டும் நீக்க இயலாது. 2020 ஆகஸ்டு 6 இரவு, இதே மாவட்டத்தில் மூணாறை அடுத்த பெட்டிமுடியில் மலைச்சரிவு லயங்களைப் புதைத்தது. 70 பேர் உயிரிழந்தனர். மலையின் மழையை அறிந்த எந்தக் குடும்பமும், வீட்டை மதிப்பிடும்போது இதனை மறக்க இயலாது.

1961ஆம் ஆண்டில் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு தொழிலாளர் வீட்டுவசதி பற்றி வெளியிட்ட பரிந்துரை இங்கு நினைவுகூரத் தக்கது. ஊர்களிலிருந்து வெகு தொலைவில் அமைந்த தொழில்கள் போன்ற சூழ்நிலைகள் நீங்கலாக, முதலாளியே நேரடியாக வீடு தருவது பொதுவாக விரும்பத்தக்கதன்று என அது கூறியது. உணவும் உறைவிடமும் ஒரே கையில் இருந்தால், ஒன்றை இழப்பவர் மற்றதையும் சேர்த்து இழப்பார் என்பதை ஏலப்பாறையின் அனுபவம் உறுதிப்படுத்துகிறது.

மாதக் கணக்கு

கணக்கை விளக்க, எடுத்துக்காட்டாகச் சில எண்களைக் கொள்வோம். இவை ஆய்வுப் புள்ளிகள் அல்ல. ஒவ்வொரு குடும்பமும் தன் எண்களை இவ்விடத்தில் இட்டுக்கொள்ளலாம்.

கணவனும் மனைவியும் தோட்டத்தில் வேலை செய்கின்றனர். நாளொன்றுக்கு 450 ரூபாய் வீதம் 24 நாள் வேலைக்கு ஒருவர் கூலி 10,800 ரூபாய். வருங்கால வைப்பு நிதிக்கு 12 விழுக்காடு பிடித்தம் போகக் கையில் வருவது சுமார் 9,500 ரூபாய். இருவருக்குமாக 19,000 ரூபாய். நகரத்தில் இருவரும் தலைக்கு 13,000 ரூபாய் பெறுவர் எனக் கொண்டால், மொத்தம் 26,000 ரூபாய். மேலோட்டமாகப் பார்த்தால் 7,000 ரூபாய் ஆதாயம்.

இனிச் செலவைப் பார்ப்போம். வீட்டு வாடகை 4,500 ரூபாய். மின்சாரமும் தண்ணீரும் 800. விறகு இல்லாமையால் கூடும் எரிவாயுச் செலவு 900. பேருந்துக் கட்டணம் 1,000. குழந்தையைப் பார்த்துக்கொள்ள 800. ஆக 8,000 ரூபாய். ஆதாயமாகத் தோன்றிய 7,000 ரூபாய், மாதம் 1,000 ரூபாய் பற்றாக்குறையாக மாறிவிடுகிறது. வீட்டுக்காரர் கேட்கும் முன்பணம் ஆறு மாத வாடகை எனில், 27,000 ரூபாய் தொடக்கத்திலேயே முடங்குகிறது. சிறு பட்டறையில் வைப்பு நிதி இல்லையெனில், முதலாளியின் பங்காக மாதந்தோறும் சேர்ந்து வந்த தொகையும் நின்றுபோகிறது.

இக்கணக்கு நகரத்துக்கு எதிரான தீர்ப்பன்று. அதே குடும்பத்தில் பதினெட்டு வயது நிறைந்த மகனோ மகளோ நகரத்தில் 10,000 ரூபாய் ஈட்டினால், பற்றாக்குறை 9,000 ரூபாய் மிச்சமாக மாறிவிடும். மூவர் உழைக்கும் குடும்பத்துக்கும் இருவர் உழைக்கும் குடும்பத்துக்கும் வாடகை ஒன்றே. எனவே, வளர்ந்த பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு நகரம் சாதகமானது. கைக்குழந்தையும் முதியோரும் உள்ள குடும்பத்துக்குத் தோட்டத்து வீடு சாதகமானது. ஒரே லயத்தில் அடுத்தடுத்து வாழும் இரு குடும்பங்கள் வெவ்வேறு முடிவுக்கு வருவதும், இரண்டும் சரியாக அமைவதும் இதனால்தான்.

நகரத்து வரிசை வீடு

திருப்பூருக்கும் கோவைக்கும் செல்வோர் ஒன்றைக் கண்டு வியப்பர். அங்கும் தொழிலாளர்க்குக் கிடைப்பது பெரும்பாலும் ‘லைன் வீடு’தான்: ஒற்றை அறை, சமையலுக்கு ஒரு மூலை, பலருக்கும் பொதுவான கழிப்பறை. லயத்தை விட்டு வந்தவர் மற்றொரு லயத்துக்கே வருகிறார். வேறுபாடு, இதற்கு வாடகை உண்டு என்பது. மலையின் குளிர்ச்சிக்குப் பழகிய முதியோர்க்குத் தகரக் கூரையின்கீழ்க் கோடைக்காலம் கடுமையாக இருக்கும். தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, கழிப்பறை எத்தனை குடும்பத்துக்குப் பொது, இரவு வேலை முடிந்து பெண்கள் நடந்து வரும் பாதை எத்தகையது என்பவற்றைக் குடியேறுமுன் நேரில் கண்டறிவது நலம். தமிழ்நாட்டில் 2019 முதல் நடைமுறையிலுள்ள வாடகைச் சட்டம் எழுத்து மூலமான ஒப்பந்தத்தை வலியுறுத்துகிறது. வாய்ச்சொல்லால் குடியேறுபவர் வாய்ச்சொல்லாலேயே வெளியேற்றப்படலாம் என்பதை மறத்தலாகாது.

நகரத்தின் நன்மைகளும் மெய்யானவை. மலைச்சாலையில் பல மணி நேரம் சென்றடைய வேண்டிய பெரிய மருத்துவமனை அங்கே அருகில் இருக்கிறது. பிள்ளைகள் தொழிற்பயிற்சி நிலையத்துக்கும் கல்லூரிக்கும் வீட்டிலிருந்தே சென்று வரலாம். ஒரு முதலாளியிடம் குறை கண்டால் வேறிடம் தேடலாம்; அப்போது வீடு கைவிட்டுப் போவதில்லை. 2015 செப்டம்பரில் மூணாற்றுப் பெண் தொழிலாளர்கள் ‘பொம்பிளை ஒருமை’ என்ற பெயரில் திரண்டு போராடியபோது, கூலியோடு வாழ்க்கை நிலையையும் பேசுபொருளாக்கினர். அடுத்த தலைமுறை அதே லயத்தில் அதே கொழுந்துக் கூடையைச் சுமக்க வேண்டுமா என்ற கேள்விக்கு ரூபாய்க் கணக்கில் விடை இல்லை.

எல்லை கடக்கும்போது

பெயர்வது மாநில எல்லையைக் கடந்தும் எனில், உரிமைகளுள் எவை உடன் வரும், எவை வாரா என்பதைத் தெரிந்துகொள்வது இன்றியமையாதது.

வைப்பு நிதி உடன் வரும். 2014இல் அறிமுகமான பொதுக் கணக்கு எண் எந்த மாநிலத்துக்கும் பொருந்தும். பத்து ஆண்டுப் பணி நிறைவு செய்தவர்க்கு 58 வயதில் ஓய்வூதியம் உண்டு. ஒன்பதாம் ஆண்டில் பணத்தை எடுத்துக்கொண்டு கிளம்புவது நட்டமாகும். பணிக்கொடைக்குப் பொதுவாக ஐந்து ஆண்டுத் தொடர்பணி வேண்டும். ஓர் ஆண்டுக்குப் பதினைந்து நாள் கூலி வீதம், 25 ஆண்டு உழைத்தவருக்கு 375 நாள் கூலி சேரும். மேற்கண்ட எடுத்துக்காட்டில் அது 1,68,750 ரூபாய்.

உணவுப் பொருள் ஓரளவு உடன் வரும். ‘ஒரே நாடு, ஒரே ரேஷன் அட்டை’ ஏற்பாடு 2022இல் எல்லா மாநிலங்களையும் எட்டியது. கேரளத்தின் மஞ்சள், இளஞ்சிவப்பு அட்டைகளுக்குத் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படியான தானியத்தைத் தமிழ்நாட்டிலும் பெறலாம். அந்தந்த மாநிலம் தன் செலவில் அளிக்கும் கூடுதல் சலுகைகள் இதில் சேரா.

சாதிச் சான்றிதழின் பயன் முழுமையாக உடன் வாராது. பட்டியல் சாதி நிலை மாநிலத்துக்கு மாநிலம் வரையறுக்கப்படுவது. இடம்பெயர்ந்தவர் புதிய மாநிலத்தின் இட ஒதுக்கீட்டைக் கோர இயலாது என உச்ச நீதிமன்றம் 1990இல் தீர்ப்பளித்தது. கேரளத்தில் பட்டியல் சாதியினராக உள்ள குடும்பத்தின் பிள்ளை, தமிழ்நாட்டில் அதே சாதி பட்டியலில் இருப்பினும், மாநில அரசின் ஒதுக்கீட்டை இழக்கக்கூடும். மத்திய அரசுப் பணிகளுக்கு இத்தடை இல்லை. கல்லூரி வாயிலில் நிற்கும் பிள்ளை உள்ள குடும்பம் இதனை முதலிலேயே எண்ணிப் பார்க்க வேண்டும்.

எந்த வரிசையில் பெயர்வது

இவற்றிலிருந்து நடைமுறைக்கு உகந்த ஒழுங்கு ஒன்று புலனாகிறது. முழுக் குடும்பமும் ஒருசேரப் புறப்படுவதைவிட, இளையவர் ஒருவர் முதலில் சென்று கூலியையும் வாடகையையும் ஓராண்டு அறிந்துகொள்வது நன்று. அதுவரை தோட்டத்து வேலையையும் வீட்டையும் மற்றவர் விடாதிருக்கலாம். பணிக்கொடையும் வைப்பு நிதியும் கைக்கு வரும்போது, அவற்றை முன்பணமாகவும் வாடகையாகவும் கரைப்பதைவிடச் சிறிதளவு மனை வாங்குவது மேல். பெருநகரில் மனை எட்டாத தொகைக்குக் கம்பம் பள்ளத்தாக்கின் சிற்றூர்களிலோ ஏலப்பாறைக்கு அருகிலேயோ கிடைக்கக்கூடும். வேலை ஓரிடத்திலும் வீடு ஓரிடத்திலும் இருப்பது குறையன்று; முதலாளியைச் சாராத ஒரு கூரை இருப்பதே முதன்மையானது.

அரசின் வீட்டுத் திட்டங்களும் இவ்வுண்மையையே சுட்டுகின்றன. கேரளத்தின் லைஃப் திட்டம் 4 லட்சம் ரூபாயும், தமிழ்நாட்டின் கலைஞரின் கனவு இல்லம் 3.5 லட்சம் ரூபாயும், பிரதமரின் ஊரக வீட்டுத் திட்டம் மலைப் பகுதிகளில் 1.30 லட்சம் ரூபாயும் உதவித்தொகையாக நிர்ணயித்தன. வீடு கட்டப் பணம் தரும் எந்தத் திட்டத்துக்கும் அடியில் ஒரு மனை வேண்டும். லயத்தில் மூன்று தலைமுறை வாழ்ந்தும் ஒரு சென்ட் நிலம் இல்லாத குடும்பத்துக்கு அப்பணம் எட்டாமல் நின்றுவிடுகிறது. ஆகவே, தோட்டப் பகுதிகளில் வீட்டுவசதி என்பது முதற்கண் நிலப் பிரச்சினையே. மூடப்பட்ட தோட்டங்களிலும் அரசு நிலங்களிலும் ஆபத்தற்ற இடங்களைத் தேர்ந்து பட்டா வழங்குவதும், பெயர்வோர் சேரும் தொழில் நகரங்களில் குறைந்த வாடகைக் குடியிருப்புகளைப் பெருக்குவதும் ஒருங்கே நடைபெற வேண்டும். 2020இல் மத்திய அரசு தொடங்கிய குறைந்த வாடகைக் குடியிருப்புத் திட்டம் இரண்டாவது தேவையை உணர்ந்து எழுந்ததே.

ஏலப்பாறையிலேயே இருப்பதா, போவதா என்பதை அக்குடும்பங்களே முடிவு செய்யும். அம்முடிவு அச்சத்தால் அன்றிக் கணக்கால் அமைய வேண்டுமாயின், நாளை வேலை போனாலும் இரவு தங்க ஓரிடம் உண்டு என்ற உறுதி அவர்களுக்கு இருத்தல் வேண்டும். அவ்வுறுதியைத் தருவது தங்கள் பெயரில் உள்ள மனைதான்.