நுரையீரலில் இரத்தக் கசிவு

1918-ஆம் ஆண்டின் கொடிய ஜுரம்

1918-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், அமெரிக்காவில் பாஸ்டன் நகருக்கு அருகேயிருந்த டெவன்ஸ் ராணுவ முகாமில் இன்புளூயென்ஸா ஜுரம் கண்ட சிப்பாய்கள் நூற்றுக்கணக்கில் மாண்டபோது, அதன் காரணத்தை ஆராய அனுப்பப்பட்ட வில்லியம் வெல்ச் முதலான பிரசித்தி பெற்ற வைத்தியர்கள் பிரேதப் பரிசோதனையிலே கண்ட சுவாசகோசங்கள், காற்று இருக்கவேண்டிய இடமெல்லாம் இரத்தம் கலந்த நுரைநீர் நிரம்பி, நீலம் பாரித்து வீங்கியிருந்தன. முதியோரையும் குழந்தைகளையுமே கொண்டுபோகும் என்று நம்பப்பட்ட ஒரு ஜுரம், திடகாத்திரமான வாலிபர்களை இவ்விதம் வீழ்த்தியது வைத்திய உலகத்தையே திகைக்கச் செய்தது. அதே ஆண்டில் பம்பாய்த் துறைமுகத்தின் வழியே இந்தியாவுக்குள் புகுந்த அவ்வியாதி இங்கே ஒரு கோடிக்கும் அதிகமான உயிர்களைப் பலிகொண்டது.

கசிவு உண்டாகும் விதம்

நுரையீரலின் காற்றறைகளுக்கும் அவற்றைச் சூழ்ந்த நுண்ணிய இரத்தக் குழாய்களுக்கும் நடுவே உள்ள தடுப்பு, தலைமயிரின் கனத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத சவ்வேயாகும்; பிராணவாயு எளிதில் உட்புகுவதற்காக இயற்கை இப்படி மெல்லியதாக அமைத்த அந்தச் சவ்வை, கிருமிகள் ஒருபுறமும் அவற்றை எதிர்க்க எழும் நம் தேகத்தின் சொந்த அழற்சி மற்றொருபுறமுமாக அரிக்கும்போது, இரத்தம் காற்றறைகளில் கசிகிறது. இன்புளூயென்ஸா வைரஸ் புண்படுத்திய இடத்தில் நியூமோகாக்கஸ், ஸ்டெபிலோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்கள் குடியேறினால் நாசம் பன்மடங்காகும். 1918-இல் இறந்தோரில் பெரும்பாலோரை முடித்தது இந்த இரண்டாம் தாக்குதலே. க்ஷயரோகத்தில் நிகழ்வது வேறு: அங்கே சுவாசகோசத்தில் விழுந்த குழிக்கருகில் உள்ள தமனி அரிக்கப்பட்டு, இரத்தம் வாய் நிறைய வெளிப்படும்.

கண்ணுக்குத் தெரியாத அபாயம்

இரத்தத்தை இருமித் துப்பினால்தான் கசிவு உண்டென்று எண்ணுவது விபரீதமான தவறு. காற்றறைகளில் பரவலாகக் கசியும் நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இருமலில் இரத்தமே தெரிவதில்லை. மூச்சுத் திணறல் மிகுவதும், உதடு நீலிப்பதும், இரத்தத்தில் பிராணவாயுவின் அளவு இறங்குவதும், உடல் வெளிறுவதுமே அப்போது சாட்சிகள். எக்ஸ்ரே படத்தில் நிமோனியாவைப் போலவே வெண்ணிழல் தோன்றுவதால், வைத்தியர் சுவாசக் குழாய்க்குள் கருவியைச் செலுத்தி உப்புநீரால் கழுவிப் பார்க்கிறார். கழுவக் கழுவ நீர் மேலும் சிவந்து வந்தால் கசிவு உறுதியாகிறது.

பெருங்கசிவில் மரணம் சம்பவிப்பது இரத்த நஷ்டத்தால் என்பதைவிட மூச்சடைப்பால்தான். பெரிய சுவாசக் குழாய்கள் கொள்ளும் அளவே சுமார் 150 மில்லிலிட்டர், அதாவது ஒரு காப்பி டம்ளர். அவ்வளவு இரத்தம் நிறைந்தாலே மூச்சு அடைபட்டுவிடும்.

செய்ய வேண்டியது

சளியில் மெல்லிய கோடாகத் தெரியும் இரத்தம் பெரும்பாலும் சாதாரண மார்ச்சளியின் விளைவே. ஆயினும் பரிசோதனை அவசியம். வாய் நிறைய இரத்தம் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் புறப்படவேண்டும். எந்தப் பக்கத்து நுரையீரல் கசிகிறதென்று முன்பே தெரிந்திருந்தால், நல்ல நுரையீரலுக்குள் இரத்தம் இறங்காதபடி கசியும் பக்கம் கீழாக இருக்கும்படி ஒருக்களித்துப் படுக்க வைக்கலாம். இரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்போர் அதை வைத்தியரிடம் மறைக்கலாகாது. இருமல் மருந்தை வாங்கிக் குடித்துவிட்டு நாட்கடத்தும் நம்மவர் வழக்கத்தை என்னவென்பது! இன்புளூயென்ஸாவுக்குரிய மருந்து, ஜுரம் தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் கொடுக்கப்பட்டால்தான் அதிகப் பலனளிக்கிறது. ஆகையால் வருமுன் காப்பதே மேல்: முதியோரும், கர்ப்பிணிகளும், நீரிழிவு, இருதய நோய் உடையோரும் ஆண்டுதோறும் இதற்கான தடுப்பூசியைப் போட்டுக்கொள்ள வேண்டும். ஜுரத்தோடு மூச்சுத் திணறலும் கண்டால் விடியட்டும் என்று காத்திராதீர்கள்.