பூஞ்சணம் தந்த மருந்தைப் பேணுவோம்

பூஞ்சணம் என்றதும் பழுதடைந்த பாணும் ஈரச் சுவருமே நம் நினைவுக்கு வரும். ஆயினும், 1928 இல் அலெக்சாண்டர் பிளெமிங் பெனிசிலினைக் கண்டறிந்தது முதல் மருத்துவ உலகம் பூஞ்சணங்களுக்குப் பெரிதும் கடமைப்பட்டுள்ளது. பெனிசிலின் பற்றீரியாக்களை அடக்கியது. ஆனால், பூஞ்சணங்களே உண்டாக்கும் நோய்களுக்கு அதனால் பயனில்லை.

பூஞ்சண நோய்களுக்கு மருந்து காண்பது ஏன் கடினம்? பற்றீரியாவின் கலம் மனிதக் கலத்திலிருந்து பெரிதும் வேறுபட்டது. பூஞ்சணத்தின் கலமோ அமைப்பில் மனிதக் கலத்தை ஒத்தது. எனவே, அதனைக் கொல்லும் மருந்து நோயாளியின் கலங்களையும் தாக்கக் கூடும். இவ்விரண்டையும் பிரித்துக் காட்டும் முக்கிய அம்சம் கலச்சுவராகும். அது பூஞ்சணத்துக்கு உண்டு. மனிதக் கலத்துக்கு இல்லை.

அச்சுவரைத் தகர்க்கும் ஆயுதத்தையும் ஒரு பூஞ்சணமே தந்தமை விந்தையாகும். 1985 இல் ஸ்பெயினின் மட்ரிட் நகருக்கு அண்மையிலுள்ள லொசோயா ஆற்றுப் பள்ளத்தாக்கில் பெறப்பட்ட நீர் மாதிரியில், பின்னர் கிளேரியா லொசோயென்சிஸ் எனப் பெயரிடப்பட்ட பூஞ்சணம் கிடைத்தது. ஆறு அமினோ அமிலங்கள் வளையமாகப் பிணைந்த ஒரு சேர்வையை அது உற்பத்தி செய்தது. அதனை மாற்றியமைத்து உருவாக்கப்பட்ட கஸ்போபங்கின் என்ற மருந்து 2001 இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. கலச்சுவருக்கு உறுதியளிக்கும் குளுக்கன் உருவாவதை இம்மருந்து தடுக்கின்றது. சுவர் நலிவடைய, கண்டிடா போன்ற பூஞ்சணங்களின் கலம் சிதைகின்றது.

இம்மருந்து குளிசையாக வழங்கப்படுவதில்லை. நாளத்தின் வழியாகவே ஏற்றப்படுகின்றது. தீவிர சிகிச்சைப் பிரிவிலுள்ளோரின் குருதியில் பூஞ்சணம் பரவும்போது உயிர்காக்கும் மருந்துகளுள் இதுவும் ஒன்று.

2009 இல் யப்பானில் இனங்காணப்பட்ட கண்டிடா ஓரிஸ் இம்மருந்தின் அருமையை மேலும் உணர்த்துகின்றது. வைத்தியசாலைகளில் நோயாளியிடமிருந்து நோயாளிக்குத் தொற்றும் இப்பூஞ்சணம், வழமையான புளூகொனசோல் மருந்துக்குப் பெரும்பாலும் அடங்குவதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2022 இல் இதனை மிக அபாயகரமான பூஞ்சணங்களின் வரிசையில் சேர்த்தது. இதற்கெதிராக முதலில் நாடப்படுவது கஸ்போபங்கினை உள்ளடக்கிய மருந்துக் குடும்பமே. அதற்கும் அடங்காத வகைகள் இப்போது தோன்றியிருப்பதே கவலைக்குரியது.

பூஞ்சண நோய்களுக்கான மருந்து வகைகள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. ஒன்றை இழந்தால் மற்றொன்றை எளிதில் பெற முடியாது. எனவே, நோய்க்குக் காரணமான பூஞ்சணத்தை ஆய்வுகூடத்தில் உரிய வேளையில் இனங்காண்பதும், தேவையறிந்து மருந்தை வழங்குவதும், வைத்தியசாலைகளில் கைகளின் தூய்மையைப் பேணுவதும் இன்றியமையாதவை. இயற்கை தந்த இந்த அரிய கொடையைக் கவனயீனத்தால் இழந்துவிடலாகாது.