பழைய செயின்சா: வாங்கலாமா, விடலாமா?

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது, டெல்டாவின் தோப்புகளில் லட்சக்கணக்கான தென்னைகள் சாய்ந்தன. சாலையை மறித்துக் கிடந்த மரங்களை அறுத்து ஊர்களுக்கு வழி திறந்த கருவிகளில் முதலிடம் செயின்சாவுக்கு. கோடரியும் இழுவை வாளும் வைத்து அரைநாள் போராட வேண்டிய அடிமரத்தை அது சில நிமிடங்களில் துண்டாக்கிவிடும். அதைக் கண்ணால் பார்த்த எந்தத் தோப்புக்காரருக்கும் நம் வீட்டிலும் ஒன்று இருக்கட்டுமே என்று தோன்றுவது இயல்பு.

ஆனால் நல்ல கம்பெனி மெஷினைப் புதிதாக வாங்கப் போனால் விலை கையைக் கடிக்கிறது. அப்போதுதான் யாராவது ஒருவர் வந்து, “பழசுதான், ஆனா நல்ல ஓட்டத்துல இருக்கு, பாதி விலைக்குத் தர்றேன்” என்பார். வாங்கலாமா? வாங்கலாம். நல்ல பழைய செயின்சா, தரம் குறைந்த புதிய செயின்சாவைவிடப் பல மடங்கு மேல். ஆனால் அது நல்லதா என்று கண்டுபிடிக்க, பெயின்ட்டைப் பார்த்தால் போதாது; அது எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

மெஷினுக்குள் நடப்பது என்ன?

ஜெர்மனியின் ஆண்ட்ரியாஸ் ஸ்டில் 1926இல் மின்சாரத்தில் ஓடும் மரம் அறுக்கும் சங்கிலி வாளைச் செய்தார். 1929இல் அவரது பெட்ரோல் மெஷின் வந்தது. அதே காலத்தில் எமில் லெர்ப் என்ற இன்னொரு ஜெர்மானியர் செய்த பெட்ரோல் வாள், அதைச் சோதித்துப் பார்த்த டோல்மார் மலையின் பெயரையே பெற்றது. அந்தக் கால மெஷின்களைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். இப்போது ஒரே ஆள் தூக்கி அறுக்க முடிகிறதென்றால், அதற்கு ஒரு முக்கியக் காரணம் எடை குறைந்த டூ-ஸ்ட்ரோக் என்ஜின்.

இந்த என்ஜினில் வால்வு கிடையாது. என்ஜினுக்கென்று தனியாக ஆயில் தொட்டியும் கிடையாது. பெட்ரோலில் கலந்து ஊற்றும் டூ-டி ஆயில்தான் உள்ளே இருக்கும் எல்லாவற்றுக்கும் வழவழப்பு. பாகங்கள் குறைவு என்பதால் எடையும் குறைவு. முழு ரேஸ் கொடுத்தால் நிமிடத்துக்கு 12,000 சுற்றுக்கு மேல் போகும் மெஷின்கள் உண்டு. ஒரு சாதாரண கார் என்ஜின் இந்த வேகத்தை எட்டவே எட்டாது. இவ்வளவு வேகத்தில், பெட்ரோலோடு வரும் சிறிதளவு ஆயிலை மட்டும் நம்பி ஓடுவதால், ஒரு தடவை ஆயில் கலக்காமல் ஓட்டினாலே பிஸ்டன் கீறிவிடும். பழைய மெஷின் வாங்குபவர் மறக்கக் கூடாத முதல் சங்கதி இது.

கார்ப்பரேட்டரும் தனி ரகம். பைக்கில் இருப்பதுபோல் மிதவை இதில் இல்லை. மெல்லிய சவ்வு ஒன்றுதான் பெட்ரோலை அளந்து விடுகிறது. அதனால்தான் மெஷினைச் சாய்த்தாலும் தலைகீழாகப் பிடித்தாலும் என்ஜின் நிற்பதில்லை.

மரத்தை அறுக்கும் பல்லின் கதை இன்னும் சுவையானது. ஆரம்பத்தில் செயின்களின் பற்கள் கைவாள் பற்களைப் போலவே கீறிக் கீறி அறுத்தன, சீக்கிரம் மழுங்கின. அமெரிக்காவின் ஒரேகான் மாநிலத்தில் மரம் வெட்டும் தொழில் செய்த ஜோசப் காக்ஸ், 1946இல் ஒரு மரத்துண்டுக்குள் வண்டுப்புழு ஒன்று மரத்தைக் குடைந்துகொண்டு போவதைக் கவனித்தார். அதன் இரு தாடைகளும் இடம் வலமாகச் செதுக்கிச் செதுக்கி முன்னேறின. அதைப் பார்த்து அவர் 1947இல் செய்து விற்கத் தொடங்கிய செயின்தான் இன்றுள்ள எல்லாச் செயின்களுக்கும் முன்னோடி. ஒரு பல்லைக் கிட்டத்தில் பாருங்கள். முன்னால் சிறு மேடு, பின்னால் வளைந்த கூர்முனை. தச்சரின் இழைப்புளியில் அலகு எவ்வளவு வெளியே நீட்டுகிறதோ அவ்வளவு தடிப்பில்தானே சீவல் வரும்? இங்கே அந்த அளவைத் தீர்மானிப்பது முன்னால் இருக்கும் மேடு. கூர்முனைக்கும் மேட்டுக்கும் உள்ள உயர வித்தியாசம் பொதுவாக 0.65 மில்லிமீட்டர். நன்றாகத் தீட்டிய செயின் சீவல் சீவலாகத் தள்ளும். மழுங்கிய செயின் மாவு மாவாகக் கொட்டும்.

முதலில் தொட்டுப் பாருங்கள்

விற்பவர் வீட்டுக்குப் போனதும் கயிற்றை இழுக்காதீர்கள். என்ஜின் பக்கம் கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வருமுன் ஓட்டி வைத்திருக்கிறார் என்று பொருள். தேய்ந்த மெஷின்கூடச் சூட்டில் சட்டென்று ஸ்டார்ட் ஆகும். அதன் உண்மை தெரிவது குளிர்ந்த நிலையில்தான். ஆறும்வரை காத்திருங்கள், அல்லது மறுநாள் வாருங்கள்.

ஆறிய பிறகு சுவிட்சை அணைத்துவிட்டு, கயிற்றுப் பிடியை மட்டும் பிடித்து மெஷினை அப்படியே தொங்கவிடுங்கள். கம்ப்ரஷனைக் குறைக்கும் பட்டன் இருந்தால் அதை அமுக்கக் கூடாது. கம்ப்ரஷன் நன்றாக இருந்தால் மெஷின் தயங்கித் தயங்கி, விட்டு விட்டுத்தான் இறங்கும். கயிறு தங்கு தடையின்றி உருவிக்கொண்டு மெஷின் கீழே போனால், ரிங்கோ போரோ தேய்ந்துவிட்டது. பிளக் துளையில் கேஜ் பொருத்திப் பார்க்கும் மெக்கானிக் கூட வந்தால் இன்னும் நல்லது. 150 பிஎஸ்ஐ வந்தால் நிம்மதி. 120க்குக் கீழே வந்தால், ரிப்பேர் செலவை மனத்தில் வைத்துத்தான் விலை பேச வேண்டும்.

சைலன்சரைக் கழற்றிப் பாருங்கள்

எல்லாச் சோதனையிலும் மேலானது இதுதான். சைலன்சரைப் பிடித்திருப்பவை பெரும்பாலும் இரண்டு மூன்று போல்ட்டுகளே. கழற்ற ஐந்து நிமிடம் போதும். பிளக்கையும் எடுத்துவிடுங்கள். சைலன்சர் இருந்த இடத்தில் தெரியும் துளைக்குள் கைப்பேசி டார்ச்சை அடித்து, கயிற்றை மெல்ல இழுங்கள். பிஸ்டன் மேலும் கீழும் நகரும். அதன் பக்கவாட்டுச் சுவர் வெள்ளிப் பளபளப்போடு, கடைசல் வேலையின் மெல்லிய குறுக்குக் கோடுகள் இன்னும் தெரியும்படி இருந்தால், மெஷின் எத்தனை வருடம் பழையதானாலும் கவலை வேண்டாம். மேலிருந்து கீழாக நெடுக்குக் கீறல்கள் இருந்தால் உஷார். விரல் நகத்தில் தட்டும் அளவுக்குக் கீறல் ஆழமாக இருந்தால், வாங்கிய கையோடு சிலிண்டரும் பிஸ்டனும் மாற்ற வேண்டியிருக்கும்.

கீறல் எந்தப் பக்கம் என்பதும் ஒரு செய்தி. சைலன்சர் பக்கம் மட்டும் கீறியிருந்தால், ஆயில் குறைந்தோ காற்று அதிகம் கலந்தோ ஓடியிருக்கும். கார்ப்பரேட்டர் பக்கம் கீறியிருந்தால், ஏர் ஃபில்டரைக் கவனிக்காமல் தூசியை உள்ளே விட்டிருக்கிறார்கள். முந்தைய உரிமையாளர் மெஷினை எப்படி வைத்திருந்தார் என்பதற்கு அவர் வாய்வார்த்தையைவிட இந்தக் கீறலே சாட்சி.

சைலன்சரைக் கழற்ற விடமாட்டேன் என்று விற்பவர் பிடிவாதம் பிடித்தால், வணக்கம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

ஓட்டிக் கேளுங்கள்

ஸ்டார்ட் செய்ததும் ரேஸ் கொடுக்காமல் விடுங்கள். என்ஜின் சீராக ஓட வேண்டும்; செயின் அசையக் கூடாது. அசைந்தால் ஐடிலிங் அதிகம், அல்லது கிளட்ச் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. பிறகு ரேஸ் கொடுத்து விடுங்கள். வேகம் உடனே இறங்க வேண்டும். இறங்காமல் மேலேயே நின்று இழுத்தாலோ, ஐடிலிங்கில் ஏறி ஏறி இறங்கினாலோ, எங்கோ காற்று கசிகிறது. கிராங்க் சீல் காய்ந்து வெடித்திருப்பது பழைய மெஷின்களில் சகஜம். கசியும் காற்று பெட்ரோல் கலவையை மெலிய வைக்கும். என்ஜின் சூடேறி ஒருநாள் பிடித்துவிடும். காற்றுக் கசிவைச் சரிசெய்யாமல் மெஷினை ஓட்டவே கூடாது.

பெட்ரோல் குழாய் இறுகிப் போவது, கார்ப்பரேட்டர் சவ்வு விறைத்துப் போவது போன்றவற்றுக்குப் பயப்பட வேண்டாம்; குறைந்த செலவில் மாற்றிவிடலாம். இப்போது நம் பங்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பர் பாகங்களை அரிக்கும். எனவே டேங்கில் பெட்ரோலோடு மாதக்கணக்கில் மூலையில் கிடந்த மெஷின் என்றால், இவற்றை மாற்றும் செலவைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

செயின் ஆயில் வருகிறதா என்று பார்க்க ஒரு எளிய வழி: செயின் சுற்றி ஓடும் நீளத் தகடான பாரின் நுனியை வெள்ளைத் தாளுக்கு மேலே தொடாமல் பிடித்து ரேஸ் கொடுங்கள். தாளில் எண்ணெய்க் கோடு விழ வேண்டும். விழாவிட்டால் ஆயில் பம்ப்போ அதன் வழியோ அடைபட்டிருக்கிறது. பாரின் ஓரங்கள் ஒன்றுக்கொன்று சமமாக இருக்கின்றனவா, செயினைச் சுழற்றும் பல்சக்கரத்தில் அரை மில்லிமீட்டருக்கு மேல் பள்ளம் விழுந்திருக்கிறதா என்றும் கவனியுங்கள். செயின், பார், பல்சக்கரம் மூன்றும் தேய்வதற்கென்றே இருப்பவை. இவை தேய்ந்திருப்பது குற்றமில்லை. ஆனால் விலையில் அது கழிய வேண்டும். தென்னை அறுப்பவர்களுக்கு இது கூடுதல் முக்கியம். தென்னையின் வைரம் மற்ற மரங்களைப் போல நடுவில் இல்லை, வெளிச்சுற்றில் இருக்கிறது. போதாததற்கு அடிமரத்தில் மண் ஒட்டியிருக்கும். மண்ணில் ஒரு தடவை பட்டாலே செயின் மழுங்கிவிடும்.

பிரேக் இல்லையா? வேண்டாம்

பாரின் நுனியில் மேல்பாதி எதிலாவது பட்டால், செயினின் வேகம் முழுவதும் பின்னோக்கித் திரும்பி, மெஷின் அறுப்பவர் முகத்தை நோக்கி எகிறும். இது கண் சிமிட்டும் நேரத்துக்குள் நடந்து முடிந்துவிடும். எவ்வளவு பழகிய கையானாலும் தடுக்க அவகாசம் கிடையாது. 1970களின் தொடக்கத்தில் ஸ்டில், ஹஸ்க்வர்னா போன்ற கம்பெனிகள் செயின் பிரேக்கைக் கொண்டுவந்தது இதற்காகத்தான். முன்கைப்பிடிக்கு எதிரே நிற்கும் தடுப்பு, கை பட்டோ எகிறும் வேகத்திலோ முன்னால் சாயும். செயின் அக்கணமே நிற்கும். அதற்கு முந்தைய தலைமுறை மெஷின்களிலும் மட்டமான சிலவற்றிலும் இந்தப் பிரேக் கிடையாது. சிலவற்றில் இருந்தும், தொந்தரவாக இருக்கிறதென்று கழற்றி எறிந்திருப்பார்கள்.

மெஷினைத் தரையில் வைத்து அழுத்திப் பிடித்து, ரேஸ் கொடுத்தபடி மணிக்கட்டால் அந்தத் தடுப்பைத் தள்ளுங்கள். செயின் உடனே நிற்க வேண்டும். அறுந்த செயின் கைமேல் அடிக்காமல் தடுக்கும் கொக்கி அடியில் இருக்கிறதா, பின்பிடியின் மேல்பட்டனை அழுத்தாமல் ரேஸ் விசை இயங்காதிருக்கிறதா, அதிர்வைத் தாங்கும் ரப்பரோ ஸ்பிரிங்கோ உடையாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். அதிர்வுத் தாங்கி இல்லாத மெஷினை வருடக்கணக்கில் பிடிப்பவர்களின் விரல்களில் ரத்த ஓட்டம் குறைந்து, விரல் வெளுத்து மரத்துப் போகும் நோய் வரலாம்.

ஸ்பேர் கிடைக்குமா?

மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு, பக்கத்து டவுனில் உள்ள கடையில் பிஸ்டன், சீல், கிளட்ச் கிடைக்குமா என்று வாங்கும் முன்பே விசாரியுங்கள். ஸ்பேர் கிடைக்காத மெஷின் எவ்வளவு நன்றாக ஓடினாலும் முதல் பழுதோடு அதன் ஆயுள் முடிந்தது. பெயர் பெற்ற கம்பெனிகளின் சாயலில் செய்த போலிகளும் சந்தையில் உலவுகின்றன. சீரியல் எண்ணும் பில்லும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள்.

கடைசியாக ஒரு கணக்கு. கேட்கும் விலையோடு செயின், பார், சவ்வு, சீல் மாற்றும் செலவையும் கூட்டுங்கள். அது புது மெஷின் விலையில் பாதியைத் தாண்டினால் புதிதையே வாங்குவது மேல். பாதிக்குள் அடங்கி, பிஸ்டன் பளபளவென்று இருந்து, ஸ்பேரும் கிடைத்தால், வயதைப் பார்க்காமல் வாங்குங்கள். ஒழுங்காக ஆயில் கலந்து, ஃபில்டரைச் சுத்தமாக வைத்தால் பல வருடம் உழைக்கும். பிரேக் வேலை செய்யாவிட்டால் மட்டும், இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். வாங்கியதில் மிச்சம் பிடித்த பணத்தில் முதல் வேலையாக ஹெல்மெட், கண்ணாடி, காதடைப்பு, காலுக்குப் பாதுகாப்பு உடுப்பு வாங்கிவிட்டு, அதன் பிறகே தோப்புக்குள் இறங்குங்கள்.