பால் வராத மடியை யார் பார்க்கிறார்கள்?

நஞ்சன்கூடு, டி.நரசிபுரம், ஹுன்சூர் என்று மைசூரைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் காலையும் மாலையும் பால் கேன்கள் சங்கத்துக்குப் போய்க்கொண்டிருக்கும். கர்நாடகத்தின் 'நந்தினி' பாக்கெட்டாக மாறும் பால். ஊற்றுகிறவருக்கு மாநில அரசின் ஊக்கத்தொகையும் உண்டு. இந்த மண்ணின் ஹள்ளிகார் உழவுக்கும் வண்டிக்கும் பேர்போன மாடு. ஆனால் கேனை நிரப்புவது கலப்பினப் பசுக்கள்தான். அவற்றோடு கொட்டகைக்குள் பெருகிய தலைவலி மடிநோய்.

கறவைப் பசுவுக்கு மடி வீங்கினால் வீடே பதறும். கிடாரியை யாரும் கண்டுகொள்வதில்லை. தலையீற்றில் கன்று போட்டு, சீம்பால் கறக்க உட்காரும்போதுதான் ஒரு காம்பில் மட்டும் தண்ணீரும் திரியுமாக வரும். கண்பட்டுவிட்டது என்பார்கள். கிருமி பல வாரங்களுக்கு முன்பே புகுந்திருக்கும்.

முதல் சினையில்தான் மடிக்குள் பால் சுரக்கும் திசு வேகமாக வளர்கிறது. அப்போது கிருமி நுழைந்தால் அந்த இடம் தழும்பேறி, அடுத்தடுத்த ஈற்றுகளிலும் பால் குறையலாம். வரும் வழிகள் எல்லாம் நமக்குத் தெரிந்தவையே: காம்பு நுனியைக் கடிக்கும் ஈ, சாணமும் மூத்திரமும் ஊறிய தரை, ஒன்றன் காம்பை ஒன்று சப்பும் கன்றுகள். வீணாகக் கொட்டுவானேன் என்று மடிநோய்ப் பாலைக் கன்றுகளுக்கு ஊற்றுகிறோமே, அதுவும் ஒரு வழி.

சினையின் ஏழாம் மாதத்திலிருந்தே கிடாரியின் மடியைத் தடவிப் பாருங்கள். மடியின் நான்கு பகுதிகளில் ஒன்று மட்டும் சூடாக, கல் மாதிரி இருக்கிறதா? ஒரு காம்பு மட்டும் உப்பியிருக்கிறதா? மருத்துவரிடம் காட்டுங்கள். தொட்டுப் பழகிய கிடாரி கறவையில் உதைப்பதும் குறையும். ஆனால் பீய்ச்சிப் பார்க்கக் கூடாது. காம்புத் துளையை மெழுகு போன்ற ஒன்று இயற்கையாகவே அடைத்திருக்கும். அதை உடைத்தால் கிருமிக்கு நாமே கதவு திறந்தது போல.

கன்று போட்ட பிறகு, கறந்து முடித்ததும் காம்புகளை அயோடின் கரைசலில் முக்க வேண்டும். உடனே தீவனம் போட்டு அரை மணி நேரமாவது நிற்க வையுங்கள். துளை மூடுவதற்குள் மாடு சாணத்தில் படுத்தால் முக்கியதெல்லாம் வீண்.

வீக்கம் தொடங்கிய கட்டத்துக்குத் தஞ்சாவூரில் கால்நடை மருத்துவப் பேராசிரியராக இருந்த புண்ணியமூர்த்தி பரப்பிய மூலிகை மருந்து ஒன்று உண்டு. தேசிய பால்வள வாரியமும் அதைப் பரிந்துரைக்கிறது. சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். மூன்றையும் சேர்த்து அரைத்தால் செக்கச்செவேலென்று வரும். மடியைக் கழுவி, பாலை ஒட்டக் கறந்துவிட்டு, ஒரு கை விழுதைத் தண்ணீர் விட்டுக் கரைத்து மடி முழுக்கப் பூச வேண்டும். நாளைக்கு 10 முறை, 5 நாள். பத்து முறையா என்று மலைத்து இரண்டோடு நிறுத்துகிறவர்கள்தான் மருந்தைக் குறை சொல்கிறார்கள்.

காய்ச்சல் அடித்தால், தீவனம் எடுக்காவிட்டால், மடி சில்லிட்டு நீலம் பாய்ந்தால் கற்றாழையைத் தேடாதீர்கள். அன்றைக்கே மருத்துவரைக் கூப்பிடுங்கள். காம்புக்குள் மருந்து ட்யூப் ஏற்றும்முன் நுனியை ஸ்பிரிட் பஞ்சால் துடைப்பது கட்டாயம். வீக்கம் வடிந்துவிட்டதே என்று ஆன்டிபயாடிக்கைப் பாதியில் நிறுத்தவும் கூடாது. மருத்துவர் சொல்லும் கெடு முடியும்வரை அந்தப் பால் சங்கத்துக் கேனுக்கும் போகக் கூடாது, கன்றின் வாய்க்கும் போகக் கூடாது.