பனித்தரையில் ரஷ்யாக்காரர்கள்



ஹாக்கின்னு சொன்னதும் நமக்கு ஞாபகம் வர்றது பச்சைத் தரையும் தன்ராஜ் பிள்ளையும்தான். நான் இங்கே எழுதப்போவது அந்த ஹாக்கி இல்லை. பனிக்கட்டித் தரையில், காலில் ஸ்கேட் மாட்டிக்கொண்டு ஆடும் ஐஸ் ஹாக்கி. அதுவும் அமெரிக்காவிலும் கனடாவிலும் நடக்கும் பெரிய லீக்கில் ரஷ்யாக்காரர்கள் எப்படி ஆடுகிறார்கள் என்பதைப் பற்றி. "நமக்கும் அதுக்கும் என்னடா சம்பந்தம்?" என்று கேட்காமல் கொஞ்சம் படித்துப் பாருங்கள். சினிமாவை விட நல்ல கதை இதில் இருக்கிறது.

முதலில் ஆட்டத்தைப் பற்றி நாலு வரி. ஒரு அணிக்கு ஒரே நேரத்தில் 6 பேர், அதில் ஒருவர் கோல்கீப்பர். பந்து கிடையாது. 'பக்' என்று ஒரு கறுப்பு ரப்பர் வில்லை. 3 அங்குல அகலம், 1 அங்குல கனம் (பக்கத்தில் நான் வரைந்திருக்கும் படத்தைப் பாருங்கள், கொஞ்சம் பெரிசா வந்துடுச்சு). 20 நிமிடம் வீதம் மூன்று பகுதியாக ஆடுவார்கள். பக் வைத்திருப்பவரை உடம்பால் மோதித் தள்ளலாம், அது தப்பில்லை. மூச்சு வாங்கும் வேகம் என்பதால் ஒருவர் முக்கால் நிமிஷம் ஆடிவிட்டு வெளியே வந்துடுவார், அடுத்தவர் தடுப்பைத் தாண்டி உள்ளே குதிப்பார்.

அந்தப் பெரிய லீக்கின் பெயர் நேஷனல் ஹாக்கி லீக். சுருக்கமாக என்.எச்.எல். 1917ல் தொடங்கியது. இப்போது 32 அணிகள். ஜெயிக்கிறவர்களுக்கு ஸ்டான்லி கோப்பை. புதுப் பையன்களை எடுக்க வருஷா வருஷம் 'டிராஃப்ட்' நடக்கும். நாம தெருவுல ஆட்டத்துக்கு ஆள் பிரிப்போமே, "நீ இவனை எடு, நான் அவனை எடுக்கிறேன்" என்று, அதே மாதிரிதான். போன வருஷம் மோசமாக ஆடிய அணிகளுக்கு முதலில் எடுக்க வாய்ப்பு அதிகம்.

சோவியத் யூனியன் இருந்த காலத்தில் உலகத்திலேயே நன்றாக ஆடியவர்களில் பாதிப்பேர் அங்கேதான் இருந்தார்கள் என்றால் மிகையில்லை. ஆனால் ஒருத்தரும் என்.எச்.எல்.லில் ஆட முடியாது. அரசாங்கம் விடாது. 1972ல் கனடாவும் சோவியத்தும் 8 ஆட்டங்கள் கொண்ட தொடரில் மோதின. கனடாக்காரர்கள் எல்லாவற்றிலும் நாமதான் ஜெயிப்போம்னு நினைச்சாங்க. மாண்ட்ரியலில் நடந்த முதல் ஆட்டத்திலேயே சோவியத் 7-3 என்று அடித்துவிட்டது! கடைசியில் தொடரைக் கனடா ஜெயித்தது, அதுவும் எட்டாவது ஆட்டம் முடிய 34 விநாடி இருக்கும்போது போட்ட கோலால். அந்தத் தொடரில் சோவியத்தின் கோல்கீப்பர் ட்ரெட்டியாக். அவரை 1983ல் மாண்ட்ரியல் அணி டிராஃப்டில் எடுத்தது. அவரை அனுப்பவே இல்லை. ஒரு ஆட்டம்கூட அங்கே ஆடாமலேயே ஓய்வு பெற்றார்.

ஏன் விடவில்லை என்றால், மாஸ்கோவின் பெரிய அணியான சி.எஸ்.கே.ஏ. ராணுவத்தின் அணி. அதில் ஆடுபவர்கள் எல்லாம் பேருக்கு ராணுவ அதிகாரிகள். பயிற்சியாளர் டிகோனோவ் மிகவும் கண்டிப்பானவர். கல்யாணம் ஆனவர்களும் வருஷத்தில் பெரும்பகுதி பயிற்சி முகாமிலேயே பூட்டிக் கிடக்கணும். நம்ம ஹாஸ்டல் வார்டன் எல்லாம் இவர் முன்னாடி தங்கம். 1988ல் இகோர் லாரியோனோவ் என்ற ஆட்டக்காரர் இதையெல்லாம் ஒரு பகிரங்கக் கடிதமாக 'ஒகன்யோக்' என்ற பத்திரிகையில் எழுதிவிட்டார். அந்தக் காலத்தில் அங்கே இருந்துகொண்டு அப்படி எழுத எவ்வளவு தைரியம் வேணும்! இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்தவர் இவர்தான். கண்ணாடி போட்டு, சதுரங்கம் ஆடி, நிதானமாகப் பேசுவதால் இவருக்குப் 'பேராசிரியர்' என்று பட்டப்பெயர்.

1989 மார்ச்சில்தான் முதல் கதவு திறந்தது. செர்கெய் பிரியாகின் என்பவர் அனுமதியோடு கால்கரி அணிக்குப் போனார். ஆனால் எல்லாரும் பேசியது இரண்டு மாதம் கழித்து நடந்ததைத்தான். அலெக்சாண்டர் மொகில்னிக்கு அப்போது 20 வயசு, ராணுவ லெப்டினன்ட். ஸ்வீடன் நாட்டின் ஸ்டாக்ஹோமில் உலகச் சாம்பியன்ஷிப் முடிந்ததும் பஃபலோ அணிக்காரர்களைச் சந்தித்து, அவர்களோடு அமெரிக்காவுக்குப் பறந்துவிட்டார். அவருடைய நாட்டுச் சட்டப்படி அவர் ராணுவத்தை விட்டு ஓடியவர். அப்பா அம்மாவை எப்போ பார்ப்போம்னு தெரியாமல் போன பையன். பஃபலோ அவரை டிராஃப்டில் எடுத்தது 89வது ஆளாக, அவர் போனது 89ஆம் வருஷம், சட்டை எண்ணும் 89! முதல் ஆட்டத்தில் 20வது விநாடியில் கோல் போட்டார். 1992-93ல் ஒரே சீசனில் 76 கோல். 2025ல்தான் அவருக்கு ஹாக்கி புகழ் மண்டபத்தில் இடம் கொடுத்தார்கள். இவ்வளவு தாமதம் ஏன் என்று எனக்குப் புரியவே இல்லை.

அதே 1989ல் லாரியோனோவ், ஃபெடிசோவ், மகாரோவ், க்ருடோவ் போன்ற பெரியவர்களும் சண்டை போட்டு அனுமதி வாங்கிப் போனார்கள். சம்பளத்தில் பெரிய பங்கை சோவியத் அமைப்புக்குக் கொடுத்துவிடணும் என்று நிபந்தனை வேறு. ஃபெடிசோவ் ஒத்துக்கவே இல்லை. போன இடத்திலும் நிம்மதி இல்லை, "எங்க பையன்கள் வேலையைப் பிடுங்க வந்தவங்க" என்று எதிரணிக்காரர்கள் வேணும்னே முட்டுவார்கள். க்ருடோவ் ஒரே சீசனில் அந்த லீக்கை விட்டுக் கிளம்பிவிட்டார். மகாரோவ் கதை வேடிக்கை. 31 வயதில் போய், சிறந்த புதுமுகம் விருதை வாங்கிவிட்டார்! தலை நரைக்கிற வயசில் புதுமுகமா என்று கத்தி, அந்த விருதுக்கு 26 வயசுக்குள் இருக்கணும் என்று விதியையே மாற்றினார்கள்.

அடுத்து டெட்ராய்ட் ஐவர். இதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், மன்னிக்கவும்.

டெட்ராய்ட் கார் தொழிற்சாலைகள் நிறைந்த ஊர். அங்கே உள்ள ரெட் விங்ஸ் அணி 1955க்குப் பிறகு கோப்பையைத் தொடவே இல்லை. அவர்கள் ஒவ்வொரு ரஷ்யராகச் சேர்த்தார்கள். ஃபெடோரோவ் 1990ல் போர்ட்லண்டுக்கு ஆட வந்தபோது அணியை விட்டு நழுவி வந்தவர். கான்ஸ்டன்டினோவை ராணுவத்திலிருந்து விடுவிக்க, டாக்டர்களுக்குப் பணம் கொடுத்து, புற்றுநோய் இருப்பதாகச் சான்றிதழ் வாங்கினார்களாம்! பிறகு கோஸ்லோவ், ஃபெடிசோவ், கடைசியாக லாரியோனோவ். 1995 அக்டோபர் 27 அன்று பயிற்சியாளர் ஸ்காட்டி போமன் ஐந்து பேரையும் ஒன்றாக இறக்கினார். கால்கரிக்கு எதிராக 3-0 வெற்றி.

என்ன வித்தியாசம் என்றால், கனடா பாணியில் பக்கை எதிரணி மூலைக்கு அடித்துவிட்டு, ஓடிப்போய் முட்டி மோதிப் பிடுங்குவார்கள். ரஷ்யர்கள் பக்கை விடவே மாட்டார்கள். வழி அடைத்திருந்தால் திரும்பிப் பின்னால் வந்து, வட்டம் போட்டு, ஐந்து பேரும் மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். எதிரணிக்காரர்கள் யாரைப் பிடிப்பது என்று தெரியாமல் முழிப்பார்கள். நம்ம கபடியில் நாலு பேர் சங்கிலி போட்டு ஒரே மூச்சாக நகர்வதை நினைத்துக்கொள்ளுங்கள்.

1997 ஜூனில் கோப்பை கிடைத்தது. 42 வருஷத்துக்கு அப்புறம்! கேப்டன் ஐசர்மேன் கோப்பையை முதலில் ஃபெடிசோவ் கையில் கொடுத்தார். அவரும் லாரியோனோவும் சேர்ந்து தூக்கிக்கொண்டு தரையைச் சுற்றினார்கள். ஆறே நாள் கழித்து, விருந்து முடிந்து திரும்பும்போது அவர்கள் வந்த வாடகைக் கார் மரத்தில் மோதியது. ஓட்டியவருக்குச் செல்லுபடியாகும் லைசென்ஸ் இல்லை. ஃபெடிசோவ் சிறு காயத்தோடு தப்பினார். கான்ஸ்டன்டினோவுக்கும் அணியின் மசாஜ் நிபுணர் ம்னாட்சகனோவுக்கும் தலையில் பலத்த அடி. கான்ஸ்டன்டினோவ் அதற்குப் பிறகு ஆடவே இல்லை. அடுத்த வருஷம் 1998லும் டெட்ராய்ட் ஜெயித்தது. அவரைச் சக்கர நாற்காலியில் பனித்தரைக்கே கொண்டுவந்து, மடியில் கோப்பையை வைத்தார்கள். இதைப் படித்தபோது என் கண் கலங்கியது நிஜம்.

இப்போதைய நிலைமை என்ன? ஐம்பதுக்கும் மேற்பட்ட ரஷ்யர்கள் அங்கே ஆடுகிறார்கள். யாரும் ஒளிந்து போக வேண்டியதில்லை. முதலில் ஒவெச்கின். அவருடைய அம்மா கூடைப்பந்தில் இரண்டு ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர். 2004 டிராஃப்டில் வாஷிங்டன் அணி இவரை முதல் ஆளாக எடுத்தது. இடது பக்க வட்டத்தில் நின்று ஒரே அடி. அங்கேதான் நிற்பார் என்று எல்லா கோல்கீப்பருக்கும் தெரியும், ஆனாலும் தடுக்க முடியாது! வேய்ன் கிரெட்ஸ்கியின் 894 கோல் சாதனையை யாராலும் தொட முடியாதுன்னு எல்லாரும் சொன்னாங்க. 2024 நவம்பரில் ஒவெச்கினுக்குக் கால் எலும்பு முறிந்தது. குணமாகி வந்து, 2025 ஏப்ரல் 6ல் 895வது கோலைப் போட்டுவிட்டு, பனித்தரையில் குப்புற விழுந்து சறுக்கினார். கோல் வாங்கியவரும் ஒரு ரஷ்யர்தான், இல்யா சொரோகின். அன்று ஆட்டத்தை ஜெயித்தது சொரோகின் அணி. அதே ஆண்டு நவம்பரில் 900ஐயும் தாண்டினார்.

கோல்கீப்பர்களைச் சொல்லாமல் விட்டால் பாவம். வாசிலெவ்ஸ்கி (டாம்பா, 2020, 2021), பாப்ரோவ்ஸ்கி (ஃபுளோரிடா, 2024, 2025) என்று நாலு கோப்பைகளுக்குப் பின்னால் ரஷ்யக் கீப்பர்கள் நின்றார்கள். பாப்ரோவ்ஸ்கியை டிராஃப்டில் எந்த அணியும் எடுக்கவில்லை. அவர் சைபீரியாவில் நிலக்கரிச் சுரங்கப் பகுதியான நோவோகுஸ்நெட்ஸ்கில் பிறந்தவர். கிரில் கப்ரிஸோவும் அதே ஊர். 2025 செப்டம்பரில் மினசோட்டா அணி கப்ரிஸோவோடு 8 வருஷத்துக்கு 136 மில்லியன் டாலர் ஒப்பந்தம் போட்டது. அதுவரை அந்த லீக்கில் யாருக்கும் அவ்வளவு கொடுத்ததில்லை. வருஷத்துக்கு 17 மில்லியன், நம்ம பணத்தில் 140 கோடிக்கு மேல். டாம்பாவின் குசெரோவ் 2023-24ல் 144 புள்ளி எடுத்தார், அதில் கோலுக்கு உதவியது மட்டும் 100.

ஆனால் எல்லாம் சுகம் என்று எழுதினால் பொய். 2022ல் ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்தது. உடனே ரஷ்ய அணியை உலகப் போட்டிகளிலிருந்து தள்ளிவைத்தார்கள். 2026 பிப்ரவரியில் மிலான் ஒலிம்பிக்கில் என்.எச்.எல். ஆட்டக்காரர்கள் 2014க்குப் பிறகு முதல்முறையாக ஆடினார்கள். ரஷ்ய அணி மட்டும் கிடையாது. குசெரோவும் கப்ரிஸோவும் வீட்டில் இருந்தார்கள். சரியா தப்பா? குண்டு விழுகிற ஊர்க்காரனிடம் போய், "ஆட்டக்காரன் என்ன பண்ணினான்?" என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. போரைப் பற்றி அவர்களில் அநேகர் பேசுவதே இல்லை. ஸதோரோவ் என்ற தடுப்பாட்டக்காரர் 2023ல் பேட்டியில் வெளிப்படையாகவே எதிர்த்துப் பேசினார். எல்லாரும் ஏன் பேசவில்லை என்று கேட்பது சுலபம். அப்பா அம்மா எல்லாம் அங்கே இருக்காங்களே!

பயப்பட காரணமும் இருந்தது. இவான் ஃபெடோடோவ் என்ற கோல்கீப்பர் 2022ல் பிலடெல்பியாவுடன் ஒப்பந்தம் போட்டார். ஜூலை 1ஆம் தேதி செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் பிடித்து, ராணுவச் சேவைக்கென்று வடக்கே கடற்படை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் ஆடியது எந்த அணியில் தெரியுமா? மொகில்னி விட்டுப்போன அதே சி.எஸ்.கே.ஏ.! 2024 மார்ச்சில்தான் பிலடெல்பியா போய்ச் சேர்ந்தார். அதற்கு மாறாக, இவான் தெமிதோவ் என்ற 19 வயசுப் பையனை 2025 ஏப்ரலில் அவன் ரஷ்ய அணியே ஒப்பந்தத்தை முடித்து அனுப்பிவிட்டது. சில நாளிலேயே மாண்ட்ரியலில் முதல் ஆட்டம். ஒரு கோல், ஒரு உதவி. ட்ரெட்டியாக் போகவே முடியாத அதே மாண்ட்ரியல்.

தாளில் இடம் முடிந்தது. ஒரு கேள்வி: ஆட்டத்துக்கு முன்னால் பக்கை ஃப்ரீசரில் வைத்துக் குளிர வைப்பார்கள். ஏன்? விடையைத் துண்டுச்சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுங்கள். அடுத்த தாளில் பெயர் வரும்.