நெருக்கடிக் கால அரசு நிவாரணம் யாரைச் சென்றடைகிறது? பட்டியல்கள் சொல்லும் கணக்கு

கரோனா பரவலைத் தடுப்பதற்கான நாடு தழுவிய பொது முடக்கம் 2020 மார்ச் 25 அன்று நடைமுறைக்கு வந்தது. மறுநாளே ரூ.1.70 லட்சம் கோடி மதிப்பிலான ஏழைகள் நலத் தொகுப்பை மத்திய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்தார். சுமார் 80 கோடி பேருக்கு இலவச உணவு தானியம், சுமார் 20 கோடி பெண்களின் வங்கிக் கணக்கில் நேரடிப் பணம் என அதன் வீச்சு மிகப் பெரியதாக இருந்தது.

ஆயினும், அடுத்து வந்த வாரங்களில் டெல்லி, மும்பை, சூரத் போன்ற நகரங்களிலிருந்து தொழிலாளர்கள் குடும்பம் குடும்பமாகச் சொந்த ஊர்களை நோக்கி நடக்கத் தொடங்கினர். அரசுக் கிடங்குகளில் தானியம் இருந்தும் அவர்களுக்கு அது ஏன் கிடைக்கவில்லை? இந்தக் கேள்விக்கான விடை, நிவாரணத்தின் அளவைக் காட்டிலும் அது எந்தப் பட்டியலின் வழியாக வழங்கப்பட்டது என்பதில்தான் உள்ளது.

தொகுப்பில் இருந்தவை

தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் ஒவ்வொருவருக்கும், வழக்கமான ஒதுக்கீட்டுடன் கூடுதலாக மாதம் 5 கிலோ அரிசி அல்லது கோதுமையும், குடும்பத்துக்கு 1 கிலோ பருப்பும் மூன்று மாதங்களுக்கு இலவசமாக அறிவிக்கப்பட்டன. ஜன் தன் கணக்கு வைத்துள்ள பெண்களுக்கு மாதம் ரூ.500 வீதம் மூன்று மாதங்களுக்கு வழங்கப்பட்டது. உஜ்வலா திட்டப் பயனாளிகளுக்கு மூன்று மாதங்களுக்கு இலவச எரிவாயு உருளைகளும், ஏழை முதியோர், கைம்பெண்கள், மாற்றுத்திறனாளிகள் என 3 கோடி பேருக்கு ரூ.1,000 உதவித்தொகையும் அறிவிக்கப்பட்டன.

இவற்றில் சில, ஏற்கெனவே தரவேண்டிய தொகைகள். விவசாயிகளுக்கான ரூ.2,000, பிரதமரின் கிசான் திட்டத்தின் வழக்கமான தவணையே; அது முன்கூட்டி வழங்கப்பட்டது.

அதே ஆண்டு மே மாதம் அறிவிக்கப்பட்ட சுமார் ரூ.20 லட்சம் கோடி தற்சார்பு இந்தியா தொகுப்பையும் இவ்வாறே பிரித்துப் பார்க்க வேண்டும். அதில் சுமார் ரூ.8 லட்சம் கோடி ரிசர்வ் வங்கியின் பணப்புழக்க நடவடிக்கைகளைச் சார்ந்தது. ரூ.3 லட்சம் கோடி, சிறு, குறு, நடுத்தர நிறுவனங்களுக்கான உத்தரவாதக் கடன். தொழில்கள் மூடப்படாமல் காக்க இவை உதவலாம். ஆனால், கூலியை இழந்த ஒருவரின் வீட்டுக்கு உடனடியாகச் சென்று சேர்பவை உணவும் ரொக்கமும் மட்டுமே.

பழைய பட்டியலே வழி

நெருக்கடி தொடங்கிய பிறகு பயனாளிகளைத் தேடிக் கண்டறிய எந்த அரசுக்கும் அவகாசம் இருப்பதில்லை. எனவே, கைவசம் உள்ள பட்டியல்களே பயன்படுத்தப்படுகின்றன. பட்டியல் இருந்த இடங்களில் உதவி விரைந்து சென்றது. ஜன் தன் பணத்தின் முதல் தவணை 2020 ஏப்ரல் முதல் வாரத்திலேயே வரவு வைக்கப்பட்டது. வங்கிகளில் கூட்டத்தைத் தவிர்க்க, கணக்கு எண்ணின் கடைசி இலக்கத்தின்படி தனித்தனி நாள்கள் ஒதுக்கப்பட்டன.

பட்டியலில் பெயர் இல்லாதவர்களின் நிலை வேறு. 2013-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் ஊரக மக்கள்தொகையில் 75 சதவீதம் வரையிலும், நகர்ப்புற மக்கள்தொகையில் 50 சதவீதம் வரையிலும் பயன்பெற வழி செய்கிறது. இதன்படி கணக்கிடப்பட்ட எண்ணிக்கை 81.35 கோடி. இது 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் அடிப்படையிலானது. 2021-இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனதால், மக்கள்தொகை உயர்ந்தபோதும் இந்த உச்சவரம்பு உயரவில்லை. வரம்பு நிரம்பிவிட்ட மாநிலத்தில் ஒரு பெயர் நீக்கப்பட்டால்தான் இன்னொரு பெயரைச் சேர்க்க இடம் கிடைக்கிறது. இதனால் 10 கோடிக்கும் அதிகமானோர் விடுபட்டிருப்பதாகப் பொருளியலாளர்கள் ஜான் திரேஸ், ரீத்திகா கேரா உள்ளிட்டோர் 2020-இல் மதிப்பிட்டனர்.

அட்டை ஊரில், ஆள் நகரத்தில்

புலம்பெயர் தொழிலாளர்களில் பலருக்கு ரேஷன் அட்டை இருந்தது. ஆனால், அது பிகாரிலோ உத்தரப் பிரதேசத்திலோ உள்ள சொந்தக் கிராமத்து நியாய விலைக் கடையுடன் பிணைக்கப்பட்டிருந்தது. வேலை செய்த நகரத்தில் அந்த அட்டையால் பயன் இல்லை.

கட்டுமானத் தொழிலாளர் நல நிதியிலிருந்து உதவி வழங்குமாறு மாநிலங்கள் அறிவுறுத்தப்பட்டன. இதைப் பெற நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு செய்வதற்கோ, முந்தைய 12 மாதங்களில் குறைந்தது 90 நாள்கள் கட்டுமானப் பணியில் இருந்ததற்குச் சான்று வேண்டும். இடம் மாறி இடம் மாறி வேலை பார்ப்பவர்களுக்கு அத்தகைய சான்று எளிதில் கிடைப்பதில்லை.

அட்டை இல்லாத 8 கோடி புலம்பெயர் தொழிலாளர்களுக்கு இரண்டு மாதங்களுக்கு இலவச தானியம் வழங்கப்படும் என்று 2020 மே 14 அன்று மத்திய அரசு அறிவித்தது. இதற்கென 8 லட்சம் டன் ஒதுக்கப்பட்டது. இத்தகையோர் எந்த மாநிலத்தில் எத்தனை பேர் என்ற விவரம் இல்லாததால், உணவுப் பாதுகாப்புச் சட்ட ஒதுக்கீட்டில் 10 சதவீதம் என்ற அளவில் தானியம் பிரித்தளிக்கப்பட்டது. விநியோகம் குறித்த காலத்தில் முடியவில்லை. அவகாசம் ஆகஸ்ட் 31 வரை நீட்டிக்கப்பட்டது.

பொது முடக்கத்தின்போது 1.04 கோடிக்கும் அதிகமான தொழிலாளர்கள் சொந்த மாநிலங்களுக்குத் திரும்பியதாகத் தொழிலாளர் நல அமைச்சகம் 2020 செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. வழியில் உயிரிழந்தவர்கள் குறித்த தரவு பராமரிக்கப்படவில்லை என்றும் அது கூறியது.

கேட்டு வந்தவருக்கு வேலை

பட்டியலைச் சார்ந்திராத ஒரு வழியும் அப்போது இருந்தது. 2005-ஆம் ஆண்டின் மகாத்மா காந்தி தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டத்தின்படி, உடலுழைப்புக்கு முன்வந்த கிராமவாசி எவரும் பணி அட்டை கோர முடிந்தது. வேலை கேட்ட 15 நாள்களுக்குள் வேலை தரப்பட வேண்டியிருந்தது. தவறினால் வேலையில்லாப் படி வழங்க வேண்டியிருந்தது. ஏழை என்று முன்கூட்டியே வகைப்படுத்தப்பட்டிருக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

நகரங்களிலிருந்து திரும்பியோர் இந்த வாயிலை நாடினர். 2019-20-இல் சுமார் 265 கோடியாக இருந்த மனித உழைப்பு நாள்கள், 2020-21-இல் சுமார் 389 கோடியாக உயர்ந்தன. நிதிநிலை அறிக்கையின் ரூ.61,500 கோடியுடன் கூடுதலாக ரூ.40,000 கோடி ஒதுக்கப்பட்டது. நகர்ப்புற ஏழைகளுக்கு இத்தகைய தேசியச் சட்டம் எதுவும் இல்லை. ராஜஸ்தான் அரசு 2022 செப்டம்பரில் நகர்ப்புற வேலை உறுதித் திட்டத்தைத் தொடங்கியது.

பிறகு மாறியவை

நாட்டின் எந்த நியாய விலைக் கடையிலும் தானியம் பெற வகை செய்யும் ‘ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை’ திட்டம் 2019-இல் நான்கு மாநிலங்களில் தொடங்கியது. இதனை 2021 ஜூலை 31-க்குள் அனைத்து மாநிலங்களும் செயல்படுத்த உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. கடைசியாக அசாம் 2022 ஜூனில் இணைந்தது. இத்திட்டத்தில், குடும்பத்தில் ஒருவர் வெளியூரில் தமது பங்கைப் பெற்றுக்கொள்ளலாம். எஞ்சியதை ஊரில் உள்ளவர்கள் வாங்கலாம். ஆதார் இணைப்பும் விரல்ரேகைப் பதிவும் இதற்குத் தேவை.

அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான இ-ஷ்ரம் இணையதளம் 2021 ஆகஸ்ட் 26 அன்று தொடங்கப்பட்டது. இதுவரை 30 கோடிக்கும் மேற்பட்டோர் பதிவு செய்துள்ளனர். இந்தப் பதிவுகளை ரேஷன் அட்டைத் தரவுடன் ஒப்பிட்டபோது, பதிவு செய்தவர்களில் சுமார் 8 கோடி பேரிடம் அட்டை இல்லை என்பது தெரியவந்தது. அவர்களுக்கு அட்டை வழங்குமாறு 2023 ஏப்ரலிலும், மீண்டும் 2024 மார்ச்சிலும் உச்ச நீதிமன்றம் உத்தரவிட நேர்ந்தது.

எஞ்சியிருக்கும் கேள்வி

கூடுதல் தானியத் திட்டம் 2022 டிசம்பரில் முடிவடைந்தது. மறுமாதம் முதல், சட்டப்படியான வழக்கமான ஒதுக்கீடே இலவசமாக்கப்பட்டது. 2024 ஜனவரி முதல் ஐந்து ஆண்டுகளுக்கு இது தொடரும். இதற்கான செலவு ரூ.11.80 லட்சம் கோடி என மதிப்பிடப்பட்டுள்ளது. அதாவது, நெருக்கடிக்கால நிவாரணம் நிலையான திட்டமாகிவிட்டது. ஆனால், பயனாளிகளின் உச்சவரம்பு அதே 81.35 கோடிதான்.

அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 அடிப்படைத் தேதியாக அறிவிக்கப்பட்டுள்ளது. அதன் முடிவுகள் வெளியாகி, மாநில வரம்புகள் திருத்தப்படும் வரை, 2011-இன் கணக்கே நடைமுறையில் இருக்கும். அதற்குள் இன்னொரு நெருக்கடி வந்தால், நிவாரணம் மீண்டும் அந்தப் பழைய பட்டியலின் வழியாகவே செல்ல வேண்டியிருக்கும்.